அண்ணனின் கடைவாய்ப்பல்

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியின் கதவுத் தட்டில் ஒரு நெகிழிப் பை எப்போதும் கிடக்கும். கிளினிக்கில் வாங்கி, உடம்பு சற்றுத் தேறியதும் பாதியில் நிறுத்திய மாத்திரைகள் எல்லாம் அதில்தான் போய்ச் சேரும். காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கி எறிய மனம் வராது. பல வீடுகளில் இப்படி ஒரு பை இருக்கும் என்று நினைக்கிறேன். என் அண்ணனின் இதயத்தில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கத் தாமதமானதற்கு அந்தப் பையும் ஒரு காரணம். அதிலிருந்து மாத்திரைகளை எடுத்து அவர் கையில் கொடுத்தவள் நான்.

அண்ணன் கிள்ளானில் மேசை நாற்காலி செய்யும் ஒரு பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். அப்போது அவருக்கு வயது 58. வலது பக்கத்து மேல் கடைவாய்ப்பல் ஒன்று பல ஆண்டுகளாகவே சொத்தையாக இருந்தது. வலி வந்தால் கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்வார். அதற்கும் அடங்காவிட்டால் இரண்டு பெனடால். சில நாட்களில் ஈறில் சிறு கொப்புளம் போல் வீங்கும், தானாகவே உடைந்து உவர்ப்பாக ஏதோ வடியும், வலி நின்றுவிடும். "பார்த்தியா, தானா சரியாப் போச்சு" என்பார்.

பிடுங்கிவிடச் சொல்லி அண்ணி சலிக்காமல் சொல்லிப் பார்த்தார். "மேல் பல்லைப் பிடுங்கினா கண் பார்வை மங்கிடும். நாள் முழுக்க ரம்பத்துக்கு முன்னால நிக்கிறவன் நான்" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில்.

இந்தக் கண் கதையை நம் வீடுகளில் கேட்காதவர் இருக்க முடியாது. பல்லின் வலியைச் சுமக்கும் நரம்பு வேறு, கண்ணுக்குப் பார்வை தரும் நரம்பு வேறு. ஒன்றைத் தொட்டால் மற்றது அறுந்துபோகாது. இது எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னால் பொய். 27 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். பல் பரிசோதனைக் குழு பள்ளிக்கு வரும் நாட்களில், அழுகிற பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தவள். சொந்த அண்ணனை மட்டும் உட்கார வைக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், முயலவும் இல்லை. பல் தானே!

வலி நின்றதன் அர்த்தத்தைப் பின்னாளில் ஒரு பல் மருத்துவர் எனக்கு விளக்கினார். சொத்தை ஆழமாகப் போனால் பல்லின் உள்ளே இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் செத்துவிடும். செத்த பிறகு சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஆனால் கிருமிகள் வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கி அங்கே சீழ்ப்பை கட்டிக்கொள்ளும். ஈறில் கொப்புளம் உடைந்து வடிந்தால் அழுத்தம் குறையும், வலியும் குறையும். நோய் மட்டும் போகாது. "வலி போனது நல்ல செய்தி இல்லை டீச்சர், மணி அடிக்கிறவன் செத்துட்டான், அவ்வளவுதான்" என்றார்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. மாலையானால் உடம்பு கதகதக்கும், இரவில் வியர்த்துப் பனியன் நனையும், காலையில் எழுந்து வேலைக்குப் போய்விடுவார். சிலாங்கூரில் காய்ச்சல் என்றால் முதல் சந்தேகம் டிங்கிதான். வட்டாரத்து கிளினிக் ஒன்றில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டிங்கி இல்லை. மருந்து கொடுத்து அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் போனார், மறுபடியும் அதே மருந்து. பல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாவது வாரம் நான் போனபோது மனிதர் இளைத்திருந்தார். வேட்டியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என் மகனுக்குத் தொண்டை வலி வந்தபோது வாங்கிய ஆண்டிபயாட்டிக் மீதம் இருந்தது நினைவுக்கு வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கு நாளைக்குத்தான் வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, அண்ணி எனக்கு நன்றிகூடச் சொன்னார். மாத்திரை தீர்ந்த சில நாட்களில் காய்ச்சல் திரும்பியது. பையைத் துழாவி வேறொன்று கண்டுபிடித்துக் கொடுத்தேன். அதே கதை.

இன்னொன்றும் நடந்தது. அண்ணனின் நகங்களுக்கு அடியில் மெல்லிய கருஞ்சிவப்புக் கோடுகள் தெரிந்தன. மரவேலை செய்கிறவர் விரலில் சிராய் ஏறுவது புதிதா என்ன? அண்ணியும் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். குத்திப் பார்த்தால் சிராய் எதுவும் இல்லை.

கடைசியில் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கிய அன்றுதான் அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இளம் மலாய்க்கார மருத்துவர் ஒருவர், பெண், அண்ணனின் நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். விரல்களை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு இரண்டே கேள்விகள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா? பல் எப்படி இருக்கிறது?

முதல் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலம். அண்ணனுக்குப் பதினோரு வயது இருக்கும். தொண்டை வலியில் ஆரம்பித்து, முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கி, பல வாரம் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தார். தோட்டத்து டிரெசர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். மாதம் ஒரு பென்சிலின் ஊசி போட வேண்டும் என்றார்கள். தோட்டத்தை விட்டு கிள்ளானுக்கு வந்தபோது அந்த ஊசியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அண்ணன் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தார், பிறகு எதற்கு ஊசி என்று அம்மா நினைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு அண்ணன் வாயைத் திறந்து காட்டினார்.

வடு விழுந்த கதவு

அந்தச் சிறுவயதுக் காய்ச்சலுக்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். தொண்டையைத் தாக்கும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்த்துப் போராடும் உடம்பு, அடையாளம் குழம்பித் தன் சொந்த இதய வால்வுகளையும் தாக்கிவிடுகிறது. மூட்டு வீக்கம் போய்விடும், வால்வில் விழுந்த வடு போகாது. வால்வு என்பது ரத்தத்தை ஒரே திசையில் விடும் கதவு. கதவு வழவழப்பாக இருக்கும்வரை எதுவும் அதில் ஒட்டாது. சொரசொரப்பாகிவிட்டால் ரத்தம் அங்கே சுழன்று அடிக்கும், ரத்தத்தை உறையச் செய்யும் நுண்தட்டுகள் அந்த இடத்தில் படியும்.

இனி வாய்க்கு வருவோம். நம் வாயில் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. ஈறு ஆரோக்கியமாக இருந்தால் அவை தம் எல்லைக்குள் இருக்கும். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தாலோ, வேரடியில் சீழ் கட்டினாலோ எல்லைச்சுவர் இடிந்த மாதிரிதான். பல் துலக்கும்போதும் கடித்து மெல்லும்போதும்கூடக் கொஞ்சம் கிருமி ரத்தத்துக்குள் நுழையும். பெரும்பாலோருக்கு உடம்பின் காவல் சற்று நேரத்தில் அவற்றைத் துடைத்துவிடும். அண்ணனைப் போன்றவர்களுக்கு, சொரசொரத்த வால்வில் படிந்த அந்தப் படலம் ஒரு கூடு மாதிரி. வாயில் வாழும் விரிடான்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளுக்கு ஒட்டிக்கொள்வதில் தனித் திறமை உண்டு. பல்லின் மேல் பிசுபிசுவென்று ஒட்டுகிற அதே வித்தையை வால்விலும் காட்டுகின்றன. அங்கே பெருகி, பூஞ்சைக் காய் போல் வளர்ந்து, வால்வையே அரிக்கின்றன. துண்டு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். மிகச் சிறிய துகள்கள் விரல் நுனிவரை போய் நகத்தடியில் சிராய் மாதிரிக் கோடு போடும்.

இந்த நோய்க்கு இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ் என்று பெயர். தமிழில் இதய உள்ளுறை அழற்சி. எல்லாம் வாயிலிருந்துதான் வருகிறது என்றில்லை. தோலிலிருந்தும், டயாலிசிஸ் குழாய் போன்றவற்றின் வழியாகவும் வேறு கிருமிகள் வரும். அடிக்கடி வரும் நோயும் இல்லை. ஆனால் வந்தால் லேசில் விடாது. நல்ல சிகிச்சை கிடைக்கும் இந்தக் காலத்திலும் ஐந்தில் ஒருவர் வரை மருத்துவமனையிலேயே இறக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டிய முக்கியச் சோதனை, ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அண்ணனின் ரத்தத்தில் எதுவும் வளரவில்லை. "அண்மையில் ஆண்டிபயாட்டிக் ஏதாவது சாப்பிட்டாரா?" என்று அந்த மருத்துவர் கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். அரைகுறையாகச் சாப்பிட்ட மாத்திரை, வால்வுக் கூட்டுக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லாது. ரத்தத்தில் மிதப்பதை மட்டும் அடக்கிவைக்கும். காய்ச்சல் விடும், சோதனையிலும் சிக்காது. திருடனைப் பிடிக்காமல் கால் தடத்தை மட்டும் அழித்த வேலை அது.

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எக்கோ சோதனையில் வால்வின் மேல் ஆடும் கட்டி தெரிந்தது. மூன்றாவது முறை எடுத்த ரத்தத்தில் கிருமி வளர்ந்தது. வாயில் குடியிருக்கும் அதே வகை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்வுக்குள் ரத்தக்குழாய்கள் மிகக் குறைவு என்பதால் மருந்து அங்கே எளிதில் போய்ச் சேராது. அதனால் நரம்பு வழியாக அதிக அளவில், வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பென்சிலின். நான்கு வாரம் என்று ஆரம்பித்தது ஆறு வாரமானது. தீபாவளி வார்டில் போனது. அண்ணி முறுக்கு டப்பாவைத் தாதியரிடம் கொடுத்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதார். வால்வு மிகவும் பழுதாகிவிட்டதால் கோலாலம்பூருக்கு அனுப்பிச் செயற்கை வால்வு பொருத்தினார்கள். அறுவைக்கு முன்பே வாயைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்று மூன்று பற்களைப் பிடுங்கினார்கள். அந்த மேல் கடைவாய்ப்பல்லும் போனது. கண் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழைய சந்தேகம், புதிய விதி

வாய்க்கும் இதயத்துக்கும் உள்ள இந்த உறவு நேற்று கண்டுபிடித்ததல்ல. வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் 1885ஆம் ஆண்டிலேயே லண்டனில் இந்த வால்வு நோயைப் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். 1935இல் ஓக்கெல், எலியட் என்ற இருவர் பல் பிடுங்கியவுடன் நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஆறு பேரின் ரத்தத்தில் கிருமி இருந்தது. 1940களில் பென்சிலின் வரும்வரை இந்த நோய் வந்தவர்களில் பிழைத்தவர் மிக அரிது.

இதற்கு இடையில் மருத்துவ உலகம் ஒரு பக்கம் அதிகமாகவே சாய்ந்தது. 1910இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் மொன்றியலில் பேசும்போது, பல நோய்களுக்கு வாயில் ஒளிந்திருக்கும் சீழே காரணம் என்று முழங்கினார். அதைத் தொடர்ந்து மூட்டுவலியா, சோர்வா, மனநோயா, எதுவானாலும் பல்லைப் பிடுங்கு என்ற மோகம் பரவியது. நல்ல பற்கள் கூடை கூடையாகப் போயின, நோய்கள் போகவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் அந்தக் கொள்கையைக் கைவிட வைத்தன. இன்று கைப்பேசியில் வரும் சில தகவல்களைப் பார்க்கும்போது ஹன்டரின் ஆவி வாட்ஸ்அப்பில் குடியேறிவிட்டதோ என்று தோன்றும். "வேர் சிகிச்சை செய்த பல் இருந்தால் மாரடைப்பு நிச்சயம்" என்று எங்கள் குடும்பக் குழுவிலேயே ஒரு செய்தி வந்தது. அதற்கு ஆதாரம் இல்லை.

சரி, வால்வில் குறை இல்லாத சாதாரண மனிதருக்கு என்ன? ஈறு நோய் இருந்தால் மாரடைப்பு வருமா? 1989இல் பின்லாந்து ஆய்வாளர்கள், மாரடைப்பு வந்தவர்களின் வாய் மற்றவர்களின் வாயைவிட மோசமாக இருந்ததாக எழுதினார்கள். அதன் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. 2012இல் அமெரிக்க இருதயச் சங்கம் அவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்துச் சொன்னது இதுதான்: இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது, புகைபிடித்தல் போன்ற பொதுக் காரணங்களைக் கழித்த பிறகும் தெரிகிறது. ஆனால் ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை, ஈறுக்குச் சிகிச்சை செய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்பதற்கும் சான்று இல்லை. நாட்பட்ட ஈறு அழற்சி உடம்பு முழுவதும் ஓர் அடங்காத எரிச்சலை வைத்திருக்கிறது, அது ரத்தக்குழாயையும் கெடுக்கலாம் என்பது நியாயமான ஊகம். ஊகத்தை ஊகமாகவே சொல்ல வேண்டும். அண்ணனுக்கு நடந்தது வேறு. அங்கே கிருமியைப் பிடித்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தே காட்டிவிட்டார்கள்.

நம் சமூகத்தைப் பொறுத்தவரை எனக்கு அதிகம் உறைப்பது இடையில் நிற்கும் நீரிழிவு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது அப்போது 31 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். அதே சர்க்கரைதான் இதயத்தையும் அடிக்கிறது. துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மறந்துவிடுகிறோம். விரலில் தினமும் அப்படி ரத்தம் வந்தால் சும்மா இருப்போமா?

பேச்சோடு பேச்சாக ஒன்று. இதயம் பல் வேஷம் போட்டு வருவதும் உண்டு. நடக்கும்போதோ படி ஏறும்போதோ கீழ்த்தாடையில் வலி வந்து, நின்றால் குறைகிறது என்றால் அது பல்லாக இல்லாமல் இதயமாக இருக்கலாம். அப்போது போக வேண்டிய இடம் பல் கிளினிக் அல்ல.

பல் சிகிச்சைக்கு முன் ஆண்டிபயாட்டிக் சாப்பிடும் விதியும் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 1955 முதல் வால்வுக் கோளாறு உள்ள பலருக்கும் பரிந்துரைத்து வந்தார்கள். 2007இல் அதைச் சுருக்கி, செயற்கை வால்வு உள்ளவர்கள், இந்த நோய் ஏற்கெனவே வந்தவர்கள், பிறவி இதயக் கோளாறுகளில் சில வகையினர் என ஆபத்து மிக அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் போதும் என்றார்கள். இங்கிலாந்தில் 2008இல் வழக்கமாகக் கொடுப்பதையே நிறுத்தச் சொன்னார்கள். காரணம் எளிது. ஆண்டுக்கு ஒரு நாள் பல் பிடுங்கும்போது நுழையும் கிருமியைவிட, கெட்ட ஈறோடு 365 நாளும் மென்று துலக்கும்போது நுழைவது அதிகம். ஒரு நாள் மாத்திரையைவிட அன்றாடம் வாயைப் பேணுவதே பெரிய காவல். ருமாட்டிக் வால்வு உள்ளவர்களுக்கு மாத்திரை தேவையா என்பதில் நாட்டுக்கு நாடு கருத்து வேறு. அதை உங்கள் இதய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் அல்ல, என் ஐஸ்பெட்டியிடமும் அல்ல.

அண்ணன் இப்போது சட்டைப் பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறார். செயற்கை வால்வு உள்ளவர் என்று அதில் எழுதியிருக்கும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், சளிக்குப் போனாலும்கூட, அதைத்தான் முதலில் நீட்டுவார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். பல் பிடுங்கப் போகிறோமே என்று அதைத் தாமாக நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டாம். வால்வில் ரத்தக் கட்டி அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதா, எவ்வளவு என்பதை மருத்துவர் ரத்தம் பார்த்துச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் எந்த மாத்திரையையும் தொடாமல் நேராக மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசாங்கப் பல் கிளினிக்குக்கு நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். கிளம்புவதற்கு முன் அண்ணி நான்கு அமொக்சிசிலின் கேப்சூல்களை எண்ணித் தட்டில் வைப்பார். சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் மொத்தமாக 2 கிராம், அவ்வளவுதான். மீதம் என்று எதுவும் வீட்டில் தங்காது.

போன முறை அண்ணனைப் பார்த்து முடித்த பல் மருத்துவர், ஓரமாக உட்கார்ந்திருந்த என்னிடம், "டீச்சர், நீங்க கடைசியா எப்போ காட்டினீங்க?" என்றார். எனக்குச் சட்டென்று ஆண்டு நினைவுக்கு வரவில்லை. அண்ணன் நாற்காலியிலிருந்து இறங்கி, "உட்காரும்மா, கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்று என் கைப்பையை வாங்கிக்கொண்டார். எனக்கு ஈறு இரண்டு இடத்தில் விலகியிருந்தது.